குழந்தைகள் முகாமும் தன்னார்வலரும்: தென்காசி மலையடிவாரப் பழங்குடிக் குடியிருப்புகளை முன்வைத்து ஓர் ஆய்வு

பழங்குடிக் குழந்தைகளுக்காக வெளியூரார் நடத்தும் முகாம்களைப் பற்றிய எழுத்து, அமேசான் படுகையைப் பற்றியதானாலும் மேற்குத்தொடர்ச்சி மலையைப் பற்றியதானாலும், பெரும்பாலும் இரண்டு தடங்களில் செல்கிறது. சென்று வந்தவர்களின் நெகிழ்ச்சி ஒரு தடம். அந்த நெகிழ்ச்சியை எள்ளும் விமரிசனம் மற்றொரு தடம். இரண்டிலும் நடுவில் நிற்பவர் தன்னார்வலரே. குழந்தையும் குடியிருப்பும் பின்புலமாகிவிடுகின்றன. இக்கட்டுரை தென்காசி மாவட்டத்து மலையடிவாரத்தை எடுத்துக்கொண்டு, முகாம் எந்தக் குழந்தைகளிடம் செல்கிறது, எந்தப் பருவத்தில் செல்கிறது, எவருடைய அனுமதியோடு நடக்கிறது, அது கலைந்தபின் எஞ்சும் பொறுப்பு யாருடையது என்ற கேள்விகளை வரிசையின்றி, ஒன்றிலிருந்து ஒன்றாகத் தொடர்ந்து பார்க்க முயல்கிறது. தன்னார்வலர் என்ற சொல் இங்கே ஊதியம் பெறாமலோ வழிச்செலவுக்கு மட்டும் சிறு தொகை பெற்றோ பணிசெய்பவரைக் குறிக்கும்; முகாம் என்பது பள்ளிப் பாடவேளைக்கு வெளியே, சில நாட்களுக்கு, விளையாட்டும் கைவேலையும் பாடமும் கலந்து நடத்தப்படும் கூடுகையைக் குறிக்கும்.

2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான தென்காசியின் மேற்கு எல்லை முழுவதும் மலைதான். வடக்கே சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி வழியாகக் கடையநல்லூர் வரை இறங்கிவரும் மலைத்தொடர், செங்கோட்டைக் கணவாயில் சற்றே தாழ்ந்து, குற்றாலத்தில் மீண்டும் உயர்ந்து, கடையத்தைக் கடந்து அகத்தியமலைக்கூட்டத்தோடு சேர்கிறது. மழைக்காடு என்று பொதுவழக்கில் சொல்லப்படும் பசுமைமாறாக் காடு, அதாவது எந்தப் பருவத்திலும் இலையுதிர்த்து மொட்டையாகாமல் பல அடுக்காக நிற்கும் ஈரக்காடு, இந்தக் கிழக்குச் சரிவில் மேல் உயரங்களில்தான் இருக்கிறது. கீழ்ச்சரிவு இலையுதிர்காடும் முட்காடும் ஆகும். தென்மேற்குப் பருவமழை கணவாய் வழியாகச் சிந்துகிற குற்றாலத்தை அண்டிய பகுதி மட்டும் இதற்கு ஓரளவு விலக்கு. கடையத்தை ஒட்டிய காடு 1988இல் அமைந்த களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. குற்றாலம் முதல் வடக்கே நீளும் காட்டில் சுமார் 356 சதுர கிலோமீட்டர் 2015இல் நெல்லை வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஆகவே இம்மாவட்டத்துப் பழங்குடிகளை மழைக்காட்டுக்குள் வாழும் மக்கள் என்று வருணிப்பது முழுச் சரியன்று. வாசுதேவநல்லூருக்கு மேற்கே தலையணை, கடையநல்லூரை அடுத்த கருப்பாநதி அணைப்பகுதி முதலிய இடங்களில் அவர்கள் பெரும்பாலும் அடிவாரத்தில், அரசு கட்டிக்கொடுத்த வீடுகளில் வாழ்ந்துகொண்டு, பிழைப்புக்கு மட்டும் மலையேறுபவர்கள். காடு அவர்களுக்குப் பணியிடமாகவும் வழிபாட்டிடமாகவும் இருக்கிறது. இரவுத் தங்கலுக்கான இடமாக இருப்பது குறைந்துகொண்டே வருகிறது.

இம்மக்களில் முதன்மையானவர்கள் பளியர். தேன், கடுக்காய், குங்கிலியம், ஈஞ்சமார் முதலிய சிறுவனப் பொருட்களைச் சேகரிப்பதும், காட்டு வள்ளிக்கிழங்கு தோண்டுவதும், அடிவாரத் தோப்புகளில் கூலிவேலை செய்வதும் அவர்கள் பிழைப்பு. இந்திய அரசின் பட்டியலில் தமிழ்நாட்டுக்குரிய பகுதியில் இவர்கள் பெயர் மூன்று வெவ்வேறு எழுத்துக்கூட்டலில் மூன்று தனி இனங்களாக இடம்பெற்றிருப்பது, ஆவணக்காரர்களுக்கு இவர்களை எவ்வளவு தெரிந்திருந்தது என்பதற்கு ஒரு சான்று. தெற்கே அகத்தியமலைப் பக்கம் வாழும் காணிக்காரர் பெயரோ அதே பட்டியலில் கன்னியாகுமரி மாவட்டம், செங்கோட்டை, அம்பாசமுத்திரம் வட்டங்கள் என்ற எல்லைக்கோட்டோடுதான் வருகிறது. 1956 நவம்பர் வரை செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்த வரலாற்றின் தழும்பு அது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் பட்டியல் பழங்குடியினர் 7,94,697 பேர், மொத்தத்தில் 1.1 விழுக்காடு. மாநிலத்தின் எழுத்தறிவு அப்போது 80.1 விழுக்காடாக இருக்க, பழங்குடியினரிடையே அது 54.3 விழுக்காடாகவே இருந்தது. முகாம் நடத்தச் செல்வோர் தம் நோக்கத்தைச் சொல்லும்போது முதலில் சுட்டுவது இந்த இடைவெளியைத்தான். இடைவெளி உண்மை, ஒரு வார முகாமால் அது குறையும் என்ற அனுமானம்தான் ஆராயப்பட வேண்டியது.

குற்றாலத்துக்கு ஆண்டுதோறும் சாரல் காலத்தில் வரும் பல்லாயிரம் பேருக்கு மலைமக்கள் என்றவுடன் நினைவுக்கு வருவது திரிகூடராசப்பக் கவிராயரின் குறத்தி. பதினெட்டாம் நூற்றாண்டில் எழுந்த குற்றாலக் குறவஞ்சி அந்த மலையை இலக்கியத்தில் நிலைநிறுத்திய நூல். கவிராயருக்குக் கிடைத்த நிலம் குறவஞ்சி மேடு என்றே பெயர்பெற்றது. ஆனால் அந்நூலின் குறத்தியான சிங்கி, அரங்கில் ஆடிப்பாடிக் குறிசொல்லிப் பரிசு பெறும் பாத்திரம். மலையில் வாழ்பவர் சமவெளியார் முன் நிகழ்த்திக் காட்டுபவராக இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அதோடு முடிந்துவிடவில்லை. முகாமின் கடைசி நாளில் பழங்குடிக் குழந்தைகளை மேடையேற்றித் தங்கள் ஆட்டத்தை ஆடிக்காட்டச் சொல்லும் வழக்கம் அதன் தொடர்ச்சி என்று கொள்ள இடமுண்டு.

அந்த மேடை பளியர் குழந்தைக்கு ஏன் அந்நியமானது என்பதை விளங்கிக்கொள்ள மானிடவியல் உதவுகிறது. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுதிகளில் மதுரை, திருநெல்வேலி மலைப் பளியரைப் பற்றிய குறிப்புகள் உள்ளன. அவை பெரும்பாலும் தோற்றம், உடை, பழக்கம் பற்றியவை. பளியரின் அகவாழ்வை நெருங்கிப் பார்த்தவர் அமெரிக்க மானிடவியலர் பீட்டர் எம். கார்ட்னர். 1960களின் தொடக்கத்தில் அவர் பளியர் குடியிருப்புகளில் தங்கிச் செய்த ஆய்வு, 1966இல் ஒரு கட்டுரையாகவும் 2000இல் விரிவான நூலாகவும் வந்தது. அவர் கண்டவற்றில் மூன்று இங்கே முக்கியமானவை. முதலாவது, வயதோ பாலினமோ பாராமல் ஒருவர் மற்றவரின் தன்விருப்பத்தில் தலையிடாமை. பெற்றோர்கூடக் குழந்தையை அதட்டிப் பணியவைப்பது அரிது. இரண்டாவது, போட்டியைத் தவிர்த்தல். ஒருவரை மற்றவரோடு ஒப்பிடுவதும், தன் திறனைக் காட்டிக்கொள்வதும் மதிப்புக் குறைவானவை, பூசல் எழுந்தால் எதிர்த்து நிற்பதைவிட விலகிச் செல்வதே முறை. மூன்றாவது, அறிவு என்பது சொல்லிக்கொடுத்துப் பெறுவதாக இல்லாமல் ஒவ்வொருவரும் தாமே பார்த்து, செய்து, நினைவில் வைத்துக்கொள்வதாக இருத்தல். ஒரே செடிக்கு இருவர் இரு பெயர் சொன்னாலும் யார் சொன்னது சரி என்ற விவாதம் எழுவதில்லை.

இந்த மூன்றையும் வழக்கமான குழந்தைகள் முகாமோடு பொருத்திப் பார்த்தால் முரண் வெளிப்படையாகத் தெரிகிறது. முகாமின் அச்சாணி போட்டி: ஓவியப்போட்டி, பேச்சுப்போட்டி, சாக்கு ஓட்டம், முதற்பரிசு, ஆறுதற்பரிசு. அதன் அன்றாடம் கட்டளையால் நடப்பது: வரிசையில் நில், வட்டமாக உட்கார், கை தூக்கிச் சொல். அதன் கற்பித்தல் வாய்மொழியால் நடப்பது. விலகி நின்று பார்த்துக்கொண்டிருக்கும் பளியர் குழந்தையைத் தன்னார்வலர் கூச்ச சுபாவம் உடையது என்று குறித்துக்கொள்கிறார், முகாமின் முடிவில் அது மேடையேறினால் தன்னம்பிக்கை வளர்ந்துவிட்டதாக அறிக்கை எழுதுகிறார். அந்தக் குழந்தை தன் வீட்டில் கற்ற நாகரிகத்தின்படிதான் விலகி நின்றது என்ற சாத்தியம் அறிக்கையில் இடம்பெறுவதில்லை. இதற்கு ஒரு மறுப்பும் உண்டு. கார்ட்னர் கண்ட பளியர் அறுபதாண்டுகளுக்கு முற்பட்டவர்கள். இன்றைய குழந்தைகள் தொலைக்காட்சியும் கைப்பேசியும் அரசுப் பள்ளியும் அறிந்தவர்கள். அவர்களைப் போட்டியறியாத காட்டுமனிதராக உறையவைப்பதும் ஒருவகை அவமதிப்பே. மறுப்பு நியாயமானது. ஆயினும் கார்ட்னரே தம் நூலில் வற்புறுத்தியது, பளியர் காட்டில் ஒரு விதமாகவும் தமிழ்ச் சமவெளியாரோடு பழகும்போது வேறு விதமாகவும் நடந்துகொள்ளும் இருபண்பாட்டுத் திறன் உடையவர்கள் என்பதைத்தான். அத்திறன் உள்ள குழந்தை முகாமில் தன்னார்வலர் விரும்பியபடியே நடந்துகாட்டும். அதை மாற்றம் என்று எண்ணிக்கொள்வது எளிது.

குழந்தைகளுக்கான முகாம் என்ற வடிவமே நகரத்தின் தேவையில் பிறந்தது. அமெரிக்காவின் கனெக்டிகட்டில் ஒரு பள்ளி ஆசிரியர் தம் மாணவர்களை 1861இல் கடலோரத்துக்கு நடத்திச் சென்று தங்கவைத்ததை அதன் தொடக்கமாகச் சொல்வர்; பேடன் பவல் 1907 ஆகஸ்டில் பிரவுன்சீ தீவில் நடத்திய முகாமிலிருந்து சாரணர் இயக்கம் வளர்ந்தது. இரண்டிலும் கருத்து ஒன்றே: ஊரில் அடைபட்ட பிள்ளைக்கு வெட்டவெளி வேண்டும், மரம் வேண்டும், தானே சமைத்துத் தானே நடந்து பழக வேண்டும். நெல்லைச் சீமையிலும் இதற்கு ஒரு முன்னோடி உண்டு. களக்காட்டு மலையடிவாரத்து டோனாவூரில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆதரவற்ற குழந்தைகளுக்கு இல்லம் அமைத்த ஏமி கார்மைக்கேல், 1910களின் பிற்பகுதியில் மலைக்காட்டில் இடம் வாங்கி, வெயில் காலத்தில் பிள்ளைகளை அங்கே அழைத்துச் சென்று தங்கவைத்தார். அவரோடு பணியாற்ற வந்த வெளிநாட்டுப் பெண்களை இன்றைய சொல்லில் தன்னார்வலர் எனலாம் என்றாலும் ஒரு வேறுபாட்டை மறக்கக்கூடாது: அவர்களில் பலர் ஆண்டுக்கணக்கில் தங்கியவர்கள், கார்மைக்கேல் 1951இல் இறக்கும்வரை அங்கிருந்து தாய்நாடு திரும்பவேயில்லை. அவருடைய மதமாற்ற நோக்கத்தின் மீதான விமரிசனம் வேறு. தங்கிய காலத்தின் நீளம் வேறு. காட்டையே முற்றமாகக் கொண்ட குழந்தைக்கு, காட்டை அறிமுகம் செய்யக் கண்டுபிடிக்கப்பட்ட இந்த வடிவத்தை அப்படியே கொண்டுபோய்க் கொடுப்பதில் ஒரு தலைகீழ்த்தன்மை இருக்கிறது. அதைப் பலர் கவனிப்பதில்லை.

தமிழ்நாட்டில் இன்று இத்தகைய முகாம்களுக்கு ஆள் சேர்க்கும் பெரிய அமைப்பு நாட்டு நலப்பணித் திட்டம். காந்தி நூற்றாண்டை ஒட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய இத்திட்டத்தில் சேரும் கல்லூரி மாணவர் இரண்டாண்டில் 240 மணிநேரம் பணி செய்ய வேண்டும். அதோடு ஏழு நாள் சிறப்பு முகாம் ஒன்றிலும் பங்கேற்க வேண்டும். 1990இல் தொடங்கிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகள், குற்றாலம் ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரி உட்பட, இவ்வட்டாரத்தின் தன்னார்வலருக்கு இயல்பான ஊற்று. தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர்ப் பிள்ளைகள் பதினைந்து இருபது கிலோமீட்டர் தொலைவில் உள்ள குடியிருப்புக்குச் செல்வதும், வேறொரு கண்டத்திலிருந்து பணம் கட்டி வருவதும் ஒன்றல்ல. இவர்கள் மொழி அறிந்தவர்கள், மறுபடியும் வரக்கூடியவர்கள். ஆனால் திட்டத்தின் உள்ளமைப்பு மறுபடி வருவதை ஊக்குவிப்பதாக இல்லை. ஏழு நாள் முடிந்ததும் முகாம் கணக்கு நிறைகிறது, சான்றிதழ் கிடைக்கிறது, அடுத்த ஆண்டு வேறு கிராமம், வேறு மாணவர்.

இந்த வகை நல்லெண்ணத்தின் மீது இதுவரை எழுந்த விமரிசனங்களில் மிகக் கடுமையானது இவான் இல்லிச் 1968 ஏப்ரலில் மெக்சிகோவின் குவர்னவாக்காவில் ஆற்றிய உரை. கோடையில் மெக்சிகோக் கிராமங்களுக்குப் பணிசெய்ய வந்த அமெரிக்க மாணவர்களின் கூட்டத்துக்கே சென்று, அவர்களைத் திரும்பிப் போகும்படி அவர் கேட்டுக்கொண்டார். கிராமத்தாருடைய மொழி தெரியாதவர், தம் தவறைச் சுட்டிக்காட்டக்கூடிய நிலையில் அவர்களை வைக்காதவர், செய்யும் உதவி அவர்கள் மீது சுமத்தப்படுவதே என்பது அவர் வாதத்தின் சாரம். பார்க்கவும் கற்கவும் வருவதை அவர் தடுக்கவில்லை. அரை நூற்றாண்டு கடந்தும் இவ்வாதத்தின் கூர்மை மழுங்கவில்லை, ஆனால் தென்காசிக்கு அது முழுமையாகப் பொருந்தவும் இல்லை. இங்கே இருதரப்புக்கும் மொழி பொது. பொதுவாக இல்லாதது சாதிப்படிநிலையில் உள்ள இடம். அடிவாரத் தோப்பில் பளியருக்குக் கூலி கொடுக்கும் குடும்பத்துப் பிள்ளையே முகாமில் தன்னார்வலராக வந்து நிற்கும்போது, குழந்தைக்கு அவர் அண்ணனா, முதலாளி வீட்டுப் பிள்ளையா என்ற கேள்வி இருக்கிறது. இல்லிச் அறியாத சிக்கல் இது.

காலத்தைப் பற்றிய கேள்விக்கு இதுவரை தரப்படாத கவனம் தரப்பட வேண்டும். முகாம்கள் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில் நடக்கின்றன. கல்லூரிக்கும் பள்ளிக்கும் அப்போதுதான் விடுமுறை. மலைத்தேன் எடுக்கும் பருவமும் ஏறத்தாழ அதுவே. பாறை முகடுகளிலும் உயர்ந்த மரங்களிலும் கூடுகட்டும் மலைத்தேனீயின் அடையை எடுக்கப் பெரியவர்கள் காட்டுக்குச் செல்லும்போது, பள்ளி இல்லாத பிள்ளைகளும் உடன் செல்ல வாய்ப்புள்ள ஒரே காலம் அந்த இரண்டு மாதம். கொடி முறுக்குவது, புகை போடுவது, எந்த அடையை விட்டுவைப்பது, இரவில் பாறை ஒதுக்கில் எப்படித் தங்குவது என்பனவெல்லாம், கார்ட்னர் சொன்னதுபோல யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தராமல், உடனிருந்து பார்த்தே கைவருபவை. ஆண்டில் பத்து மாதம் பள்ளிக்குக் கொடுத்தபின் எஞ்சும் இரண்டு மாதத்தில் ஒரு பகுதியை இயற்கைக் கல்வி என்ற பெயரில் முகாம் எடுத்துக்கொள்கிறது. அதில் பெரும்பாலும் சமவெளியிலிருந்து வந்த ஒருவர் படத்தைக் காட்டிச் சிங்கவால் குரங்கைப் பற்றி விளக்குவார். முகாம் நடத்துவதானால் தேனெடுப்பு முடிந்தபின், அல்லது காட்டுவேலை குறைந்த அடைமழை நாட்களில் வார இறுதிகளாகப் பிரித்து நடத்துவதே பொருந்தும். கல்லூரி நாட்காட்டிக்கு அது ஒத்துவராது என்பதே அதற்கு எதிரான ஒரே காரணம்.

அறிவு எந்தத் திசையில் செல்கிறது என்ற கேள்வியும் இதனோடு இணைந்தது. 1987இல் அகத்தியமலையின் கேரளப் பகுதியில் ஆய்வாளர்கள் காணிக்காரர் வழிகாட்ட நடந்து சென்றபோது, வழிகாட்டிகள் களைப்பின்றி நடப்பதற்குத் தின்ற சிறு காய் அவர்கள் கண்ணில் பட்டது. ஆரோக்கியப்பச்சை என்று வழங்கும் அச்செடியிலிருந்து, பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிறுவனம் ஜீவனி என்ற மருந்தை உருவாக்கிக் கோயம்புத்தூர் நிறுவனமொன்றுக்கு உரிமம் தந்து, கிடைத்த தொகையில் பாதியைக் காணிக்காரருக்கென 1997இல் அமைந்த அறக்கட்டளைக்கு ஒதுக்கியது. பலன் பகிர்வுக்கு உலக அளவில் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் இந்நிகழ்வில்கூட, எல்லாக் காணிக்காரரின் ஒப்புதலும் பெறப்பட்டதா என்ற சர்ச்சை எழுந்தது. பாட்டியிடம் கேட்டு ஐந்து மூலிகையின் பெயரும் பயனும் எழுதிவரச் சொல்லும் முகாம் பயிற்சி இதன் அருகே வைத்துப் பார்க்கத்தக்கது. அந்தத் தாள்கள் யாரிடம் செல்கின்றன, எந்த அறிக்கையில் அச்சாகின்றன என்று யாரும் கேட்பதில்லை. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், உயிர்ப்பன்மை பற்றிய மரபறிவின் மீது சமூகத்துக்கு உள்ள உரிமையைத் தனியே குறிப்பிட்டிருக்கிறது. எட்டு வயதுக் குழந்தை வழியாக அது கைமாறக்கூடும் என்று சட்டம் இயற்றியவர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள்.

அனுமதி என்பது இவ்விடத்தில் மூன்று வாயில்களை உடையது. முதல் வாயில் வனத்துறை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, சரணாலயத்துக்குள் நுழைய எந்தெந்த நோக்கங்களுக்கு அனுமதி தரலாம் என்று சொல்கிறது: வனவிலங்கு ஆய்வு, ஒளிப்படம், அறிவியல் ஆராய்ச்சி, சுற்றுலா, சரணாலயத்தில் வசிப்பவரோடு முறையான அலுவல். குழந்தைகள் முகாம் இவற்றில் கடைசியில்தான் அடங்க முடியும், நடைமுறையிலோ அது சுற்றுலாவின் நிழலில் நுழைந்துவிடுகிறது. இரண்டாவது வாயில் குடியிருப்பின் கிராம சபை. சென்னை உயர்நீதிமன்றத்தின் 2008ஆம் ஆண்டு இடைக்கால ஆணையால் தமிழ்நாட்டில் வன உரிமைப் பட்டா வழங்கல் பல ஆண்டுகள் தடைப்பட்டு, 2016இல் உச்சநீதிமன்றம் தலையிட்ட பிறகே நகரத் தொடங்கியதால், அச்சட்டம் கூறும் கிராம சபை பல குடியிருப்புகளில் இன்னும் பழக்கத்துக்கு வராத அமைப்பு. முன்கூட்டியே எல்லாத் தகவலும் தந்து, வற்புறுத்தலின்றிப் பெறும் ஒப்புதல் என்று ஐக்கிய நாடுகள் அவையின் 2007ஆம் ஆண்டு பழங்குடி உரிமைப் பிரகடனம் வகுத்த நெறி, இங்கே ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் சொல்லிவிட்டு வருவதாகச் சுருங்கிவிடுகிறது. எதிர்த்துப் பேசுவதைவிட விலகிச் செல்வதை மரபாகக் கொண்ட மக்களின் மௌனத்தைச் சம்மதம் என்று கொள்வதும் சரியாகாது.

மூன்றாவது வாயில் குழந்தைப் பாதுகாப்பு. 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தனியார் பள்ளி ஒன்றில், தேசிய மாணவர் படையோடு எவ்விதத் தொடர்பும் இல்லாதவர்கள் அதன் பெயரால் நடத்திய முகாமில் சிறுமிகள் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானது வெளிவந்தபோது, முகாம் என்ற சொல்லே பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் எவ்வளவு எளிதாக நம்பிக்கை ஊட்டிவிடுகிறது என்பது தெரிந்தது. ஊரறிந்த பள்ளியில், படித்த பெற்றோர் உள்ள இடத்தில் நேர்ந்தது இது. கேள்வி கேட்கும் பழக்கமும் காவல்நிலையம் செல்லும் வசதியும் குறைந்த மலையடிவாரத்தில் நேர்ந்தால் வெளிவருவதே ஐயம். தன்னார்வலரின் பின்னணியைச் சரிபார்ப்பது, இரவுத் தங்கலைத் தவிர்ப்பது, தனியே ஒரு குழந்தையோடு ஒருவர் இருக்கும் சூழலை இல்லாமற் செய்வது, 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டம் பற்றித் தாய்மாருக்கு முன்னதாகவே சொல்லிவைப்பது ஆகியவை முகாமின் முதற்செலவாக இருக்க வேண்டும். இயற்கையின் ஆபத்தும் உண்டு. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரெனப் பாய்ந்த வெள்ளத்தில் பதினேழு வயதுச் சிறுவன் உயிரிழந்தான். மேலே மலையில் பெய்த மழையின் நீர் அது. ஓடைக்கரையில் விளையாட்டு நடத்தும் வெளியூர்த் தன்னார்வலரைவிட அந்தக் குடியிருப்பின் பத்து வயதுப் பிள்ளைக்கு நீரின் நிறம் மாறுவதன் பொருள் நன்றாகத் தெரிந்திருக்கும். வெளிநாட்டவர் வருவதாக இருந்தால் இன்னொரு கணக்கும் சேர்கிறது: இந்தியச் சுற்றுலா விசாவில் ஊதியமில்லாத் தன்னார்வப் பணிக்கு ஒரு மாதம் வரைதான் இடமுண்டு, ஒரு குழந்தையின் பெயரும் மனமும் பழகுவதற்கே அந்தக் காலம் போதாது.

மாற்று வழிகளுக்குத் தமிழ்நாட்டிலேயே முன்மாதிரிகள் இருக்கின்றன. கூடலூரில் 1988இல் உருவான ஆதிவாசி முன்னேற்றச் சங்கமும் அதையொட்டி வளர்ந்த வித்யோதயா பள்ளியும் பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர் முதலிய சமூகங்களின் இளைஞர்களையே ஆசிரியர்களாகப் பயிற்றுவித்தன. வெளியிலிருந்து வந்தோர் அங்கே பெரும்பாலும் ஆசிரியரை உருவாக்குபவராக இருந்தார்கள், குழந்தையின் முன் நிற்பவராகத் தொடரவில்லை. இத்தகைய வேலைக்குப் பத்தாண்டுகள் பிடித்தன என்பதையும், நிலவுரிமைப் போராட்டத்தின் மீது கட்டப்பட்டதால்தான் அது நின்றது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பள்ளியை மட்டும் பிரித்தெடுத்து வேறிடத்தில் நட முடியாது. அரசுத் தரப்பில் இல்லம் தேடிக் கல்வி இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு. கொரோனாக் கால இழப்பை ஈடுசெய்ய 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டத்தில் தொடங்கப்பட்ட அத்திட்டம், அந்தந்தத் தெருவில் வசிப்பவரையே, பெரும்பாலும் பெண்களை, மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையில் தன்னார்வலராக்கி, இருபது குழந்தைக்கு ஒருவர் என்ற அளவில் மாலை ஒன்றரை மணிநேரம் வரை வகுப்பு நடத்தவைத்தது. திட்டத்தின் கல்விப் பயன் பற்றிக் கருத்துவேறுபாடு இருந்தாலும், தன்னார்வலர் ஏழாம் நாள் பேருந்தேறிப் போய்விடாதவர் என்ற ஒரு தன்மை அதை முகாமிலிருந்து முற்றிலும் வேறாக்குகிறது. பத்தாம் வகுப்போ பன்னிரண்டோ முடித்த பெண் ஒருத்திகூடக் கிடைக்காத குடியிருப்பில் என்ன செய்வது என்ற கேள்வி அப்போதும் எஞ்சும். அங்கே ஐந்தாம் வகுப்பு முடித்தவரையே வைத்து, அவரோடு ஒரு கல்லூரி மாணவி வாரந்தோறும் சேர்ந்து வேலைசெய்வது ஒரு வழி. மணிமுத்தாற்றில் இயங்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் 2011 முதல் சனவரிதோறும் நடத்தும் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு வேறொரு வகையில் பாடம் தருகிறது. அங்கே தன்னார்வலர் குளத்துக்கோ ஊருக்கோ எதையும் வழங்குவதாகச் சொல்லிக்கொள்வதில்லை. எண்ணுகிறார், எழுதுகிறார், அடுத்த ஆண்டு அதே குளத்துக்கு வருகிறார். வழங்குபவராகப் பாவிக்காத தன்னார்வம் நீடிக்கிறது என்பது கவனிக்கத்தக்கது.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்க்கும்போது, தென்காசிப் பழங்குடிக் குழந்தைக்கு வெளியூர்த் தன்னார்வலரின் தேவை மிகுதியாக இருக்கும் இடம் மலையடிவாரக் குடியிருப்பாகத் தோன்றவில்லை. கீழே, நகரத்தில் இருக்கிறது அந்த இடம். குடியிருப்பில் அக்குழந்தைக்கு வீடு, உறவு, காடு எல்லாம் உண்டு. ஐந்தாம் வகுப்பு முடிந்து ஆறாம் வகுப்புக்கு விடுதியில் சேரும்போதுதான் அது யாருமற்றதாகிறது. பளியன் என்று கூப்பிடும் வகுப்புத் தோழர்கள், அதட்டலால் நடக்கும் அன்றாடம், மதிப்பெண்ணால் ஒப்பிடும் பள்ளி ஆகியவை ஒரே வாரத்தில் அதன்மேல் இறங்குகின்றன. அதே பருவத்தில் சாதிச்சான்றும் தேவைப்படுகிறது. 1989 நவம்பருக்குப் பின் பழங்குடிச் சான்று வழங்கும் அதிகாரம் வட்டாட்சியரிடமிருந்து வருவாய்க் கோட்டாட்சியருக்கு மாறியதால், தலையணையிலிருந்து சங்கரன்கோவிலுக்கும் செங்கோட்டைப் பக்கத்திலிருந்து தென்காசிக்கும் கூலியை விட்டுவிட்டுப் பலமுறை அலைய வேண்டியிருக்கிறது. பெற்றோரின் சான்று இல்லாத குடும்பத்துக்கு அலைச்சல் இன்னும் அதிகம். விண்ணப்பம் எழுதித் தரவும், அலுவலக வாசலில் உடன் நிற்கவும், குடியிருப்பிலிருந்து பள்ளிக்கு உரிய வாகன, துணையாள் உதவித்தொகையைக் கேட்டுப் பெறவும் கல்லூரி மாணவர் இருவர் போதும். விடுதியில் வாரம் இரண்டு மாலை அதே அக்கா வந்து கணக்குச் சொல்லித்தருவதற்குப் பதாகையோ குழுப்படமோ தேவைப்படாது.

இடைநிற்றல் பெரும்பாலும் ஒரே நாளில் அறிவிக்கப்படும் முடிவாக நிகழ்வதில்லை. காலாண்டு விடுமுறைக்கோ கோயில் கொடைக்கோ ஊர் சென்ற பிள்ளை திரும்பி வராமற்போவதே அதன் வழக்கமான வடிவம். பள்ளி அதைச் சில வாரம் கழித்துக் கவனிக்கும். பெற்றோர், பிள்ளையின் விருப்பத்தில் தலையிடாத மரபுப்படி, கட்டாயப்படுத்த மாட்டார்கள். அக்டோபர் முதல் வாரத்தில் யார் வந்தார், யார் வரவில்லை என்று விடுதி வருகைப்பதிவைப் பார்த்துவிட்டு, பிள்ளைக்கு முன்பே அறிமுகமான ஒருவர் கருப்பாநதிக்கோ தலையணைக்கோ பேருந்தேறிச் சென்று, ஏன் வரவில்லை என்று கேட்டு, வர விருப்பமில்லை என்றால் அதற்கான காரணத்தைப் பள்ளியில் வந்து சொல்வது, நாட்டு நலப்பணித் திட்டத்தின் 240 மணிநேரக் கணக்கில் இப்போதே சேர்த்துக்கொள்ளக்கூடிய பணி.